சீனி ஏற்றுமதியைத் திறந்துவிட்டால் கரும்புக்கு விலை கூடுமா?

கேள்வி, 21 ஜனவரி 2025

கள்ளக்குறிச்சி பக்கம் கரும்பு போடுகிறவன். 10 லட்சம் டன் சர்க்கரை ஏற்றுமதிக்கு மத்திய அரசு நேற்று அனுமதி கொடுத்திருக்கிறது. வெளியில் நல்ல விலை போகிறது என்கிறார்கள். அப்படியானால் முழுசாகவே திறந்துவிட வேண்டியதுதானே? எங்களுக்கும் டன்னுக்கு நாலு காசு கூடும். துறைமுகப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது விவரம் சொல்லுங்கள்.

22 ஜனவரி 2025

தூத்துக்குடியில் சீனி ஏற்றுகிறவன் சொல்கிறேன்: நேரடியாக விலை ஏறாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

2024-25 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த எஃப்.ஆர்.பி. விலை, அதாவது ஆலை கரும்புக்குக் கட்டாயம் தரவேண்டிய குறைந்தபட்ச விலை, குவிண்டாலுக்கு 340 ரூபாய். அதுவும் சர்க்கரை கட்டுமானம் (கரும்பு எடையில் கிடைக்கும் சீனி) 10.25 சதவீதம் இருந்தால். 9.5-ஐத் தொடாத ஆலைக்கு 315 ரூபாய் 10 காசு, அதாவது டன்னுக்கு 3,151. நம் மாநிலத்து ஆலைகள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் நிற்கின்றன. ஆலை அந்தச் சீனியைத் தஞ்சாவூரில் விற்றாலும் ஜிபூட்டியில் விற்றாலும் உங்கள் கணக்கில் ஏறவேண்டிய எண் அதேதான். 2018-ல் தமிழ்நாட்டில் வருவாய்ப் பகிர்வுக்கென்று (ஆலை வருவாயில் கரும்புக்காரருக்குப் பங்கு) ஒரு சட்டம் வந்தது, உண்மை. ஆனால் பகிர்வுக் கணக்கு எஃப்.ஆர்.பி.யைத் தாண்டினால்தான் அதில் உங்களுக்குப் பலன்.

ஏற்றுமதியால் வரும் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளூரில் ஆலை நினைத்த அளவு விற்க முடியாது. 2018 ஜூன் முதல் மாதாமாதம் இவ்வளவுதான் விற்கலாம் என்று டெல்லியிலிருந்து ரிலீஸ் ஆர்டரில் அளவு வரும். ஏற்றுமதிச் சரக்குக்கு வியாபாரி முன்பணம் கட்டிவிட்டுத்தான் குடோனிலிருந்து மூட்டையைத் தூக்குவார். கரும்பு வெட்டி அனுப்பி 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்று 1966-ம் வருட ஆணையே சொல்கிறது. அந்த வட்டியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். ஏற்றுமதி நடக்கிற வருடம் பாக்கி கொஞ்சம் சீக்கிரம் தீரும். அவ்வளவுதான் நான் உறுதியாகச் சொல்வேன்.

23 ஜனவரி 2025

"10 லட்சம் டன் பெரிய அளவுதானே" என்று ஒருவர். பிரித்துப் பார்த்தால் தெரியும். ஒவ்வோர் ஆலைக்கும் கடந்த மூன்று பருவத்துச் சராசரி உற்பத்தியில் 3.174 சதவீதம். வருடம் 50,000 டன் சீனி எடுக்கிற ஆலைக்கு 1,587 டன். 20 அடிக் கன்டெய்னர் பெட்டியில் 50 கிலோ மூட்டை 540 போட்டால் 27 டன். ஆக 59 பெட்டி. சுறுசுறுப்பான ஏஜென்சி ஒரே வாரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடும்.

26 ஜனவரி 2025

லீவு நாள், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். லண்டன் விலையைப் போட்டுவிட்டு "பாருங்கள், கிலோ 43 ரூபாய்" என்று கணக்குக் காட்டியவருக்கு இது.

உலகத்தில் சீனிக்கு இரண்டு விலைப் பலகை. நியூயார்க்கில் 11-ம் நம்பர், அது கச்சா சீனிக்கு, பவுண்டுக்கு இத்தனை சென்ட். லண்டனில் 5-ம் நம்பர், அது வெள்ளைச் சீனிக்கு, டன்னுக்கு இத்தனை டாலர். சென்ட்டை 22.046-ஆல் பெருக்கினால் டன் விலை வரும். கணக்குக்கு நியூயார்க் 18 சென்ட் என்றால் 397 டாலர். லண்டன் 500 என்றால் நடுவில் 103 டாலர். இந்த இடைவெளியை நம்பித்தான் துபாய் ஜெபல் அலியில் அல் கலீஜ் மாதிரி ஆலைகள் ஓடுகின்றன. அந்த ஊரில் ஒரு கரும்பு கிடையாது. கச்சாவை இறக்கி, வெளுத்து, வெள்ளையாக ஏற்றுவார்கள். ஆந்திராவின் காக்கிநாடாவிலும் குஜராத்தின் காண்ட்லாவிலும் நம் ஆட்களே இதைச் செய்கிறார்கள்.

சரி, நம் சீனி அந்த 500-க்குப் போகுமா? போகாது. லண்டன் பலகையில் இருப்பது இக்கும்சா நிறம் (எண் குறையக் குறைய வெள்ளை கூடும்) 45-க்கு மேல் போகாத சுத்திகரித்த சீனி. நம் ஆலைச் சீனி எஸ்-30, எம்-30 என்ற கிரேடுகள். சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொடுத்து வெளுப்பது. நிறம் 100, 150 என்று நிற்கும். கந்தகம் கொஞ்சம் தங்கும். குளிர்பானக் கம்பெனிக்காரன் வாங்க யோசிப்பான். கொழும்பில், மொகதிஷுவில், காபூலில் டீயில் போடுகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை. அதனால் நம் சரக்கை லண்டன் விலையில் கழித்துத்தான் கேட்பார்கள். எவ்வளவு கழிவு என்பது அந்த வாரம் யார் அவசரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆலையிலிருந்து துறைமுகத்துக்கு லாரி, ஏற்றுகூலி, பெட்டி, சர்வே எல்லாம் இன்னொரு வெட்டு. 43-ல் ஆலை கைக்கு வருவது 40-க்குக் கீழேதான் இருக்கும்.

கிரேடு பற்றி ஒரு சுவாரசியம். கான்பூரில் இருக்கிற தேசிய சர்க்கரை நிறுவனம் ஒவ்வொரு பருவத்துக்கும் மாதிரிச் சீனியைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து ஆலைகளுக்கு அனுப்பும். கடலூர் பக்கம் ஓர் ஆலைக் குடோனில் நான் கிளார்க்காக இருந்தபோது, எங்கள் கெமிஸ்ட் அந்தக் குப்பியை வடக்குப் பக்க ஜன்னலில் வைத்து, பக்கத்தில் நம் சீனியை வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். டியூப்லைட்டில் பார்க்கவே மாட்டார். மழைக்கால மத்தியானத்தில் கிரேடு போடச் சொன்னால் "நாளைக்கு" என்பார். லேபில் 420 நானோமீட்டரில் நிறம் அளக்கும் மெஷின் இருந்தது. அதன் எண்ணும் அவர் கண்ணும் சண்டை போட்டால் அவர் கண்தான் ஜெயிக்கும்.

27 ஜனவரி 2025

குடோனில் எறும்பு வராதா என்று கேட்டவருக்கு: ஆமாம், வரும். எறும்புக்கு ரிலீஸ் ஆர்டர் வேண்டாம்.

2 பிப்ரவரி 2025

முதல் நாள் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "ஏற்றுமதி என்றால் பணம் சீக்கிரம் வரும்" என்றேன். எல்லா வருடத்துக்கும் அது பொருந்தாது. 2018 அதற்குச் சாட்சி.

ஆலைக் குடோன் கதவில் இரண்டு பூட்டு இருக்கும். ஒன்று ஆலையுடையது, மற்றது பாங்கினுடையது. சீனியை அடமானம் வைத்துத்தான் கரும்புக்குப் பணம் கொடுப்பார்கள். பாங்க் ஆள் வந்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, தன் பூட்டைத் திறந்தால்தான் ஒரு மூட்டை வெளியே போகும். 2018-ல் சீனி மலையாகக் குவிந்தது. உள்ளூர் விலை விழாமல் இருக்க ஆலை வாசல் விலை கிலோ 29-க்குக் குறையக் கூடாது என்று அந்த ஜூனில் அரசு சட்டம் போட்டது. 2019 பிப்ரவரியில் அது 31 ஆனது. வெளியிலோ கிலோ 20 ரூபாய்க்குக் கேட்க ஆளில்லை. பாங்க் கடன் கொடுத்திருப்பது உள்ளூர் விலையை வைத்து. நீ 20-க்கு விற்றால் மீதியை யார் கட்டுவது என்று பாங்க் கேட்டது. நியாயமான கேள்விதான். வெளியே விற்கச் சொல்கிறது அரசு, பூட்டைத் திறக்க மாட்டேன் என்கிறது பாங்க், நடுவில் ஆலை. வெளியே கரும்புக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

2019-20-ல் அரசு டன்னுக்கு 10,448 ரூபாய் மானியம் கொடுத்துத்தான் சீனியை வெளியே தள்ளியது. அடுத்த வருடம் 6,000 என்று தொடங்கி நடுவில் 4,000 ஆக்கினார்கள். மானியம் அறிவித்த தேதிக்கும் ஆலைக் கணக்கில் விழுந்த தேதிக்கும் இடையே எவ்வளவு நாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

3 பிப்ரவரி 2025

உலக வர்த்தக அமைப்பு விஷயம் கேட்டவருக்குச் சுருக்கமாக: பிரேசில், ஆஸ்திரேலியா, கவுதமாலா மூவரும் நம் சர்க்கரை மானியத்தை எதிர்த்து 2019-ல் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டைக் கேட்கும் அமர்வில் நீதிபதிகளே இல்லை, இன்றுவரை. வழக்கு அப்படியே கிடக்கிறது. நம் ஊர் சிவில் கோர்ட்டுக்கு இது பரவாயில்லை.

9 பிப்ரவரி 2025

இந்த வியாபாரத்தில் வெளியாட்களுக்குத் தெரியாத இடத்துக்கு வருகிறேன். உங்கள் ஆலைக்கு வந்த 1,587 டன் ஒதுக்கீடு கப்பல் ஏறும். உங்கள் ஆலைச் சீனி ஏறாது.

உத்தரப் பிரதேசத்து ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து காண்ட்லாவுக்கு ரயில், லாரி என்று செலவு செய்தால் மிச்சம் இருக்காது. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் பக்கத்து ஆலைக்குத் துறைமுகம் கிட்ட. அதனால் இரண்டு பேரும் மாற்றிக்கொள்ளலாம் என்று அரசே அனுமதிக்கிறது. வடக்கு ஆலையின் ஏற்றுமதி ஒதுக்கீட்டை மேற்கு ஆலை எடுத்துக்கொள்ளும், தன் உள்ளூர் ஒதுக்கீட்டில் அதே அளவை வடக்கே கொடுக்கும். இந்தத் தடவை மார்ச் 31-க்குள் செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வெளிவிலை உள்விலையைவிடக் கூடுதலாக இருக்கிற வருடம் இந்த மாற்றலுக்கு டன்னுக்கு இத்தனை என்று தனியாக ஒரு ரேட் ஓடும். ஒரு மூட்டை நகராமல் ஆலைக்குப் பணம் வரும். தரகர்கள் போனில் பேசும்போது "சீனி இருக்கா" என்று கேட்பதில்லை, "கோட்டா இருக்கா" என்றுதான் கேட்பார்கள். இந்தியாவில் ஏற்றுமதி வியாபாரம் என்பது பாதிக்கு மேல் அனுமதிக் காகிதத்தின் வியாபாரம். நான் பார்த்த வரையில் காகிதம் வைத்திருந்தவன் நஷ்டப்பட்டதில்லை, சரக்கு வைத்திருந்தவன் பட்டிருக்கிறான்.

தமிழ்நாடு இதில் இன்னும் விசித்திரம். 2011-12 வாக்கில் இங்கே 20 லட்சம் டன்னுக்கு மேல் சீனி எடுத்தோம். அப்புறம் மழை பொய்த்தது, ஆலைகள் பாக்கி வைத்தன, கரும்பு போட்டவர்கள் மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் போனார்கள். உற்பத்தி 10 லட்சத்துக்கும் கீழே வந்தது. மகாராஷ்டிரா, கர்நாடகச் சீனி லாரி லாரியாக இங்கே வருகிறது. நம் தேவைக்கே பற்றாத மாநிலத்து ஆலைக்கும் 3.174 சதவீத ஏற்றுமதி உரிமை உண்டு. அதை மாற்றிவிட்டு உள்ளூரில் கூடுதலாக விற்பதுதான் புத்திசாலித்தனம். தப்பு சொல்ல மாட்டேன்.

10 பிப்ரவரி 2025

"அப்படியானால் தூத்துக்குடியில் என்ன ஏற்றுகிறீர்கள்?" நல்ல கேள்வி. பெரும்பாலும் கர்நாடகச் சீனி. கொழும்புக்கு.

15 பிப்ரவரி 2025

பெட்டியில் சீனி கட்டியாகும் பிரச்சினையைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சீனியைச் சூட்டோடு மூட்டை கட்டக் கூடாது. ஆலையில் உலர்த்தியிலிருந்து வரும்போது கை வைத்தால் சுடும். அவசரத்தில் அப்படியே கட்டி, அன்றைக்கே லோடு ஏற்றி அனுப்பினால், மூட்டைக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் மணிகளை ஒட்டவைத்துவிடும். அப்புறம் பெட்டி. பகலில் யார்டு வெயிலில் தகரம் காயும், ராத்திரி கடலில் குளிரும், உள்கூரையில் நீர் கோத்து மேல் வரிசை மூட்டையில் சொட்டும். அதற்காகத்தான் சுவரெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது. காகிதக் காசை மிச்சம் பிடிக்கிற ஏற்றுமதியாளரை முதல் லோடிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு தடவை கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் மூட்டையைத் திறந்தபோது எடுத்த படத்தை அனுப்பினார். சீனி மூட்டையின் வடிவத்திலேயே நின்றது, பையை உரித்த பிறகும். பக்கத்தில் ஒரு ஆள் அதைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கிளெய்ம் யார் கட்டினார்கள் என்ற கதை வேண்டாம், ஏஜென்சி பெயரும் வேண்டாம்.

இன்னொன்று: பெட்டியை எடுத்தவுடன் கதவைச் சாத்தி உள்ளே நின்று கண்ணாலும் மூக்காலும் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்தாவது வருகிறதா, முன்னால் என்ன ஏற்றியிருந்தார்கள். மீன் தூள் ஏற்றிய பெட்டியை எத்தனை கழுவினாலும் போகாது. எங்கள் சர்வேயர் ஒருவர் பெட்டிக்குள் போய் மூச்சை இழுத்துவிட்டு, "இதில் சீனி போட்டால் குழம்பு வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மூட்டையில் மாதிரி எடுக்கும் குத்தூசியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

16 மார்ச் 2025

நேற்று தமிழக வேளாண் பட்ஜெட்டில் டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை. 3,151-ஓடு சேர்த்தால் 3,500. கள்ளக்குறிச்சிக்காரர் கேட்ட நாலு காசு லண்டனிலிருந்து வரவில்லை, கோட்டையிலிருந்து வந்திருக்கிறது. போதுமா என்றால் போதாது என்பீர்கள், வெட்டுக்கூலி எனக்கும் தெரியும்.

இலங்கை பற்றி. அங்கே பெல்வத்தை, செவனகலை, ஹிங்குராணை என்று ஆலைகள் உண்டு, ஆனால் தேவையில் சிறு பங்குதான் அங்கே எடுக்கிறார்கள். மீதியெல்லாம் இறக்குமதி. 2020 அக்டோபரில் கிலோவுக்கு அந்த நாட்டுப் பணத்தில் 50 ரூபாயாக இருந்த சிறப்பு வரியை 25 சதமாக, அதாவது கால் ரூபாயாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே சரக்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு லாபம், கடையில் விலை இறங்கவே இல்லை என்று பெரிய சர்ச்சை ஆனது. 2023 நவம்பரில் ஒரே ராத்திரியில் திரும்பவும் 50 ரூபாய். நடுக்கடலில் இருக்கிற பெட்டிக்கு எந்த வரி என்று எங்களுக்குப் போன் மேல் போன். இங்கே டெல்லி கதவு, அங்கே கொழும்புக் கதவு. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற வாரத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் கெடும்.

20 ஏப்ரல் 2025

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ஆஃபரை ஒருவர் ஒட்டியிருக்கிறார். "பிரேசில் இக்கும்சா 45, மாதம் 12,500 டன், 12 மாதம், டன் 300 டாலர், விற்பவரின் மேண்டேட்டிடம் (அவர் சார்பில் பேசுகிறவரிடம்) நேரடியாகப் பேசலாம்." தம்பி, ஓடுங்கள்.

பிரேசில் வெளியே அனுப்புவதில் பெரும்பகுதி கச்சா சீனி. சாண்டோஸ் துறைமுகத்தில் மொத்தமாகக் கப்பலில் கொட்டி ஏற்றுவார்கள். அதன் நிறம் 600-க்கும் மேல். 45 நிற வெள்ளையை, கச்சாவின் நியூயார்க் விலைக்கும் கீழே எவன் விற்பான்? அந்த விலைக்குச் சீனி இருந்தால் ஜெபல் அலிக்காரனே முதலில் வாங்கிக்கொள்வான். முதலில் கடிதம், அடுத்து பாங்க் கேரண்டி, அடுத்து "பத்திரச் செலவுக்கு மட்டும் சின்னத் தொகை" என்று கேட்பார்கள். அந்தச் சின்னத் தொகைதான் அவர்கள் வியாபாரம். எனக்குத் தெரிந்த ஒரு மளிகை மொத்த வியாபாரி, வாழ்க்கையில் யாருக்கும் கடன் சொல்லாத மனிதர், இதில் பணம் விட்டார். கேட்டால், "பேப்பர் எல்லாம் சுத்தமாக இருந்ததுப்பா" என்றார். நிஜ வியாபாரத்தில் பேப்பர் அவ்வளவு சுத்தமாக இருக்காது.

8 ஜூன் 2025

இத்தனை நாள் டெல்லியைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2006 ஜூலையில் விலை ஏறுகிறது என்று ஏற்றுமதியைத் தடுத்தார்கள். 2007 ஜனவரியில் எடுத்தபோது வெளிவிலை போய்விட்டது. கரும்பு பாக்கி குவிந்து ஆட்கள் வேறு பயிருக்குப் போனார்கள், 2009-ல் நாமே கச்சா இறக்குமதி செய்தோம். இந்தியா வாங்க வருகிறது என்று தெரிந்ததும் நியூயார்க் விலை 2010 தொடக்கத்தில் 30 சென்ட்டைத் தொட்டது. அந்தக் கச்சாவை உத்தரப் பிரதேசத்துக்குள் கொண்டுபோக மாநில அரசு விடாததால் காண்ட்லாவில் மலையாகக் கிடந்தது. இதைப் பார்த்த எந்த அதிகாரிக்கும் ஒரு பயம் ஒட்டிக்கொள்ளும். 2021-22-ல் மானியமே இல்லாமல் சுமார் 110 லட்சம் டன் போனது, உலகத்தில் இரண்டாமிடம். அந்தப் போக்கைப் பார்த்துத்தான் 2022 ஜூன் முதல் அனுமதி வாங்கித்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அடுத்த பருவம் 60 லட்சம் சொச்சம், 2023-24-ல் பூஜ்யம். 2023-ல் எல் நினோ, மகாராஷ்டிராவில் மழை இல்லை. டிசம்பரில் கரும்புச்சாற்றில் எத்தனால் எடுக்கவே தடை போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள்.

ஆக, ஏரி நிரம்பினால் மதகைத் திறப்பது, வற்றினால் மூடுவது. மதகை நம்பி வெளிநாட்டில் யாரும் நிலையான பாசனம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் நம் சீனிக்கு நிறத்துக்கு ஒரு கழிவு, நம்பிக்கைக்கு இன்னொரு கழிவு. 2022 கடைசியில் விலை ஏறியதும் ஒப்பந்தத்தை முறித்துவிட்டு வேறு ஆளுக்கு விற்ற ஆலைகளும் உண்டு. பழி முழுவதும் டெல்லிக்கு அல்ல.

இந்தப் பருவ உற்பத்தி எத்தனாலுக்குத் திருப்பியது போக 260 லட்சம் டன் பக்கம்தான் நிற்கிறது, தேவை 280-க்கு மேல். உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 கரும்பு ரகத்தைச் செவ்வழுகல் நோய் தின்றுகொண்டிருக்கிறது. அது நம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் கர்னால் நிலையத்தில் பிறந்த ரகம். வடக்கின் கட்டுமானத்தைத் தூக்கி நிறுத்திய ஒரே ரகத்தையே வயல் முழுக்கப் போட்டதன் விலை இது. ஜனவரியில் 10 லட்சம் டன் திறந்தது சரியா என்று இப்போது யோசித்தால், எனக்கு அப்போது இருந்த தெளிவு இல்லை.

18 நவம்பர் 2025

இந்தப் பழைய திரியை மேலே இழுத்துவிட்டது யார்? சரி, இப்போதைய நிலவரம். 2025-26-க்கு 15 லட்சம் டன் அனுமதி. மொலாசஸ் (சீனி எடுத்தபின் மிஞ்சும் பாகு) மேல் இருந்த 50 சதவீத ஏற்றுமதி வரியும் போனது. எஃப்.ஆர்.பி. குவிண்டாலுக்கு 355.

நியூயார்க்? 15 சென்ட்டுக்கும் கீழே, 5 வருடத் தாழ்வைத் தொட்டு நிற்கிறது. இரண்டு வருடம் முன்பு, 2023 நவம்பரில், இதே பலகை 28 சென்ட் காட்டியது. அப்போது நம் ஒதுக்கீடு பூஜ்யம். இப்போது 15 லட்சம் டன் கையில் இருக்கிறது, ஆலை வாசலில் உள்ளூர் விலை வெளிவிலையைவிடக் கூடுதல். கோட்டா மாற்றலுக்குப் பணம் கொடுக்கிற ஆள் யாரும் இல்லை. ஒரு தரகர் காலையில் பேசினார்: "கோட்டா இருக்கு, வேணுமா?" எவ்வளவுக்கு என்று கேட்டேன். "சும்மா எடுத்துக்கோங்க அண்ணாச்சி, லாரி வாடகை மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்றார்.

என் கணிப்பு: கொழும்புக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வழக்கமான சில பெட்டிகள் போகும், மீதி ஒதுக்கீடு செப்டம்பர் வரை காகிதமாகவே கிடக்கும். ரூபாய் இன்னும் சரிந்தாலோ பிரேசில் ஆலைகள் சீனியை விட்டு எத்தனாலுக்குத் திரும்பினாலோ இது மாறும். கள்ளக்குறிச்சிக்காரரே, உங்கள் ஆலை பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டதா?